கல்குவாரி மண்ணிலும் பாறையிலும் இயற்கைக் கதிரியக்கம் அளப்பது எப்படி: குழியில் இறங்குவது முதல் முடிவை வாசிப்பது வரை

குவாரி மாதிரிகளில் கதிரியக்கம் பார்க்கிற வேலை பெரும்பாலும் டப்பா மூடியில்தான் கெடுகிறது. டிடெக்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி, உள்ளே வைக்கிற பொடி சரியாகக் காயாமல், சரியாக மூடாமல் இருந்தால் அது தவறான எண்ணைத்தான் மிகத் துல்லியமாகக் கொடுக்கும். எம்.எஸ்சி., முனைவர் பட்ட மாணவர்கள் இந்த வேலையில் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது. தமிழ்நாட்டுக் கருங்கல், கிரானைட் குவாரிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் என்றால் என்ன என்ற அளவுக்கு உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. யாருக்காக அளக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். குவாரியில் வேலை செய்கிறவருக்கு என்ன டோஸ், அதாவது உடல் வாங்கும் கதிர்வீச்சு எவ்வளவு, என்பது ஒரு கேள்வி. அந்தக் கல்லிலும் எம்-சாண்டிலும் கட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கு என்ன என்பது வேறு கேள்வி. பக்கத்து ஊர் நிலத்தில் தூசி படிந்து ஏதாவது மாறியிருக்கிறதா என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்குக் குழியின் தரையும் சுவரும் வேண்டும். இரண்டாவதற்கு கிரஷரிலிருந்து வெளியே போகிற ஜல்லியும் எம்-சாண்டும் வேண்டும், குழி மண் தேவையே இல்லை. மூன்றாவதற்கு ஊர்ப் பக்க மேல்மண்ணோடு, தூசி எட்டாத தொலைவில் அதே வகைப் பாறையின் மேல் கிடக்கிற மண்ணும் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டு மண் இல்லாமல் போனால் பிறகு எந்தக் கணக்கும் அதை ஈடு செய்யாது, ஏனென்றால் பாறை மாறினாலே எண் மாறும், அது குவாரி செய்த வேலையா நிலம் இயல்பாகவே அப்படியா என்று பிரிக்க முடியாது.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

குத்தகைதாரரின் அனுமதியைக் கடிதமாக வாங்குங்கள். மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் குவாரி மூடப்போகிறார்கள் என்று பயந்து விரட்டுகிற இடங்கள் உண்டு. இயற்கையாகக் கல்லில் இருப்பதைத்தான் அளக்கிறோம் என்று முதலிலேயே விளக்கிவிட்டால் மேஸ்திரியே எந்த பெஞ்சில் (படிபோல வெட்டிய தளத்தில்) புதுக் கல் இருக்கிறது என்று காட்டுவார்.

வெடி வைக்கிற நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெடித்து முடிந்ததும் உடனே இறங்கக் கூடாது, வெடிக்காமல் நின்ற தோட்டா இருக்கிறதா என்று வெடிகாரர் பார்த்து முடித்து, போகலாம் என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். இது கதிரியக்கத்தைவிட ஆயிரம் மடங்கு நிஜமான ஆபத்து.

சாமான்கள்: ஹெல்மெட், கண்ணாடி, என்95 முகக்கவசம், இரண்டு கிலோ சுத்தியல், உளி, சிறு மண்வெட்டி, தடித்த பாலித்தீன் பைகள், அழியாத மார்க்கர், ஜிபிஎஸ் வேலை செய்கிற போன், அளவுநாடா, கதிர்வீச்சைக் களத்திலேயே அளக்கும் ஒரு சர்வே மீட்டர். லேபிளை பையின் வெளியே மட்டும் எழுதாதீர்கள், ஒரு துண்டு அட்டையில் எழுதி சின்ன பையில் போட்டு உள்ளேயும் வையுங்கள். ஜீப்பின் பின்னால் கல்லோடு கல் உரசினால் வெளி எழுத்து ஊர் வந்து சேராது.

அப்புறம், டிடெக்டர் நேரம். ஒரு மாதிரியை எண்ண, அதாவது அதிலிருந்து வரும் கதிர்களை டிடெக்டரில் எண்ண, பாதி நாளுக்கு மேல் ஆகும், முப்பது மாதிரி என்றால் பின்னணி அளவையும் (மாதிரி இல்லாமலே டிடெக்டர் காட்டுவது) திட்டப் பொருட்களையும் (செறிவு தெரிந்த ஒப்பீட்டுப் பொடிகள்) சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் மாதிரி வெளி ஆய்வகத்தில் செய்வதாக இருந்தால் அனுமதிக்கே காலம் பிடிக்கும். நேரம் உறுதியான பிறகு களத்துக்குப் போங்கள்.

3. முதலில் மீட்டர், பிறகு சுத்தியல்

மாதிரி எடுக்கும் முன் குழி முழுக்க மீட்டரோடு நடங்கள். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரிந்தால்தான் எங்கே எடுப்பது என்று தெரியும்.

மீட்டரைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடியுங்கள், டோஸ் வாய்பாடுகள் எல்லாம் அந்த உயரத்துக்குத்தான் எழுதப்பட்டவை. சின்ன கைகர் மீட்டர் இயற்கைப் பின்னணியில் நிமிடத்துக்கு இருபது எண்ணிக்கைதான் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் ஏற்ற இறக்கம் மட்டுமே 22 சதவீதம். பத்து நிமிடம் எண்ணி 200 வந்தால் அது 7 சதவீதமாகக் குறைகிறது. பொறுமையில்லாமல் திரையில் தெரிந்த முதல் எண்ணை எழுதிவிட்டு, இந்த மூலையில் கதிர்வீச்சு கூடுதல் என்று வரைபடம் போடுகிறவர்கள் உண்மையில் தற்செயலுக்குத்தான் வரைபடம் போடுகிறார்கள்.

மழை பெய்து கொண்டிருக்கும்போதும், விட்ட சில மணி நேரத்துக்குள்ளும் அளக்காதீர்கள். காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் சேய் தனிமங்களை மழை தரைக்கு இறக்கிவிடும், அளவு தற்காலிகமாக ஏறும். பிறகு ஈர மண் காமா கதிரை விழுங்கிக் குறைத்துக் காட்டும். இரண்டும் உங்கள் பாறையைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்னொன்று, குழிக்கே உரியது. சமதரையில் நிற்கும்போது கீழேயிருந்து மட்டும் கதிர் வருகிறது. உயரமான சுவரடியில் நின்றால் பக்கவாட்டிலிருந்தும் வருகிறது, நாலு பக்கமும் பாறை நெருக்கமாகச் சூழ்ந்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு வரை போகலாம். அதனால் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் சுவர் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று எழுதி வையுங்கள். இல்லையென்றால் பின்னால் மாதிரிக் கணக்குக்கும் மீட்டருக்கும் ஒத்துப்போகாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

4. மண் எடுப்பது

ஒரு மீட்டர் சதுரம் குறியுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் புல், வேர், இலையை நீக்கிவிட்டு ஒரே ஆழத்துக்குத் தோண்டி, ஐந்தையும் ஒரு தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்குகளை எடுங்கள். இரண்டு கிலோ போதும். ஒரே குத்தில் அள்ளினால் பொட்டாசியமுள்ள ஃபெல்ஸ்பார் கனிமம் ஒரு துண்டு விழுந்ததா இல்லையா என்பதே பொட்டாசிய முடிவைத் தீர்மானித்துவிடும்.

ஆழத்தை எல்லா இடத்திலும் ஒன்றாக வையுங்கள். தூசி படிவு பற்றிய கேள்வி என்றால் மேல் 5 சென்டிமீட்டர் மட்டும். நிலத்தின் இயல்பு பற்றிய கேள்வி என்றால் இன்னும் ஆழமாகப் போகலாம். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

குழிக்குள் கிடக்கும் மண் பெரும்பாலும் மேலிருந்து தள்ளிவிட்ட மேல்மண், சில சமயம் பாதை போட வேறு இடத்திலிருந்து டிப்பரில் வந்த கிராவல். கேளுங்கள். வெளியூர் செம்மண்ணை குவாரி மண் என்று எடுத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

5. கல் எடுப்பது

புதிதாக உடைந்த முகத்திலிருந்து எடுங்கள். வெயில் மழையில் பழுப்பேறிய தோல் பகுதியில் யுரேனியம் தண்ணீரோடு கரைந்து போயிருக்கும், தோரியம் அப்படியே இருக்கும், இரண்டுக்கும் உள்ள விகிதமே மாறிவிடும்.

பாறை வகையைக் கண்ணால் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு புவியியல் நண்பரைக் கூட்டிப்போவது இன்னும் நல்லது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கருப்பு கிரானைட் என்று வெட்டுவது உண்மையில் டோலரைட், அதில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றுமே பொதுவாகக் குறைவு. இளஞ்சிவப்புக் கல்லில் பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் நிறைய, அதனால் பொட்டாசியத்தின் கதிரியக்க வகையான பொட்டாசியம்-40 ஏறும், கூடவே தோரியமும் ஏறியிருப்பது வழக்கம். பல்லாவரம் பக்கத்துச் சார்னோக்கைட், அதாவது நாம் நீலக்கல் ஜல்லி என்று வாங்குவது, பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும், ஆனாலும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

பாறைக்குள் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஓடுகிற பெரும்படிக நரம்பு இருக்கிறதே, பெக்மடைட், அதை எங்கே பார்த்தாலும் கை நீளும். விரல் நீளத்துக்கு ஃபெல்ஸ்பார் படிகம், இடையில் மைக்கா தகடு, சில இடத்தில் அரிசி மணி அளவு தேன் நிறத்திலோ கருப்பாகவோ கனிமத் துகள்கள், மீட்டரை ஒட்டி வைத்தால் எண் துள்ளும். எடுங்கள், ஆனால் தனி மாதிரியாக எடுங்கள், சுவரில் அந்த நரம்பின் பங்கு எத்தனை சதவீதம் என்று அளவுநாடா வைத்து எழுதுங்கள். நூறில் இரண்டு பங்கு நரம்பை முப்பது மாதிரியில் பத்து மாதிரியாக எடுத்துவந்து குவாரியின் சராசரி என்று போட்டால், இல்லாத ஆபத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

6. காயவைத்து, பொடித்து, சலிப்பது

மண்ணை முதலில் நிழலில் பரப்பி, பிறகு அடுப்பில் 105 முதல் 110 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை காயவையுங்கள். ஈரம் இருந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் தண்ணீரும் கல்லாகக் கணக்கில் ஏறிவிடும். 24 மணி நேரம் என்று புத்தகம் சொல்லும், அதை நம்பாமல் இரண்டு முறை எடை போட்டுப் பாருங்கள்.

மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து மேலே நின்ற கல்லை எடை போட்டுக் குறித்துவிட்டு ஒதுக்கலாம். கல்லுக்கு அது பொருந்தாது. கல்லைப் பொடித்துச் சலித்தால் மேலே தங்குவதைத் தூக்கி எறியவே கூடாது, திரும்பத் திரும்ப அரைத்து முழுவதும் சல்லடையில் இறங்க வேண்டும். காரணம், தோரியமும் யுரேனியமும் கல் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை, ஜிர்கான், மோனசைட், அல்லனைட் போன்ற சிறு கனிமங்களில் ஒதுங்கியிருக்கின்றன. மென்மையான மைக்கா ஒரு வேகத்தில் உடையும், ஜிர்கான் வேறு வேகத்தில். பாதியை எறிந்தால் எறிந்ததில் எது போனது என்று யாருக்கும் தெரியாது.

நொறுக்கும் எந்திரத்தைக் கறுப்புக் கல்லில் தொடங்கி சிவப்புக் கல்லில் முடியுங்கள், குறைவிலிருந்து அதிகத்துக்கு. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் அதே மாதிரியின் ஒரு கைப்பிடியைப் போட்டு ஓட்டி எறிந்துவிடுங்கள், முந்தையதன் தூசி அதோடு போய்விடும். முகக்கவசம் கழுத்தில் அல்ல, மூக்கில். ஏன் என்று 10-ஆம் பகுதியில் வருகிறது.

7. டப்பாவில் அடைத்து மூடுவது

இங்கே அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். யுரேனியம் சிதையும் வரிசையில் வரும் ரேடியம்-226-ஐ நாம் நேரடியாக அளப்பதில்லை. அதன் 186 கே.இ.வி. கோடு, அதாவது டிடெக்டர் வரைபடத்தில் அந்த ஆற்றலில் எழும் உச்சி (கே.இ.வி. என்பது ஆற்றல் அலகு), யுரேனியம்-235-இன் கோட்டோடு கலந்து வரும், சாதாரண இயற்கை மாதிரியில் அந்த உச்சியில் ஏறத்தாழ 57 சதவீதம்தான் ரேடியத்தினுடையது. அதனால் ரேடியத்தின் பேரப்பிள்ளைகளான ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றின் கோடுகளை அளந்து, ரேடியமும் அவ்வளவே என்று சொல்கிறோம். இந்தச் சங்கிலியின் நடுவே ரேடான்-222 என்ற வாயு உட்கார்ந்திருக்கிறது. பொடிக்கும்போது அதில் ஒரு பகுதி பறந்துபோய்விடும். மூடி வைத்து அது மறுபடி சேர்ந்து சமநிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

ரேடானின் அரைவாழ்வு 3.82 நாள். ஏழு அரைவாழ்வு, அதாவது 27 நாள் போனால் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடும். நான்கு வாரம் என்று எல்லாரும் சொல்வதன் கணக்கு இதுதான். ஒரு வாரத்தில் எண்ணினால் என்ன ஆகும்? இழந்ததில் 72 சதவீதம் திரும்பியிருக்கும். பொடிக்கையில் ரேடானில் 20 சதவீதம் போயிருந்தது என்றால் முடிவு ஐந்தாறு சதவீதம் குறைவாக வரும். ஆகவே வழிகாட்டி ஆசிரியர் அவசரப்படுத்துகிறார் என்றால் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதாவது தெரிந்து செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை கசிவு. மெல்லிய பாலித்தீன் டப்பா ரேடானைப் பிடித்து வைக்காது. தடித்த, திருகுமூடியுள்ள கெட்டி பிளாஸ்டிக் டப்பாவோ அலுமினிய டப்பாவோ எடுங்கள். காலி டப்பாவை எடை போடுங்கள். பொடியை நிரப்பித் தட்டித் தட்டி விளிம்பு வரை நிறையுங்கள். மேலே இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டால் ரேடான் அங்கே போய்த் தங்கி, அதன் பிள்ளைகள் மூடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும், டிடெக்டர் பார்க்கிற வடிவமே மாறிவிடும். மாதிரி போதவில்லை என்றால் சின்ன டப்பாவுக்கு மாறுங்கள், அதே டப்பாவில் திட்டப் பொருளையும் அளந்துவிடுங்கள். பாதி டப்பாவோடு சமாளிக்காதீர்கள்.

மூடியின் இழையில் எபாக்ஸியோ சிலிகான் பசையோ தடவித் திருகி, காய்ந்த பிறகு அலுமினிய டேப்பைச் சுற்றுங்கள். வெறும் செல்லோடேப் சுற்றி மூடிவிட்டதாக நினைத்துக்கொள்வதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எடை, மூடிய தேதி, நேரம் மூன்றையும் டப்பாவிலேயே எழுதுங்கள்.

கசிகிறதா என்று எப்படித் தெரியும்? இரண்டு மூன்று டப்பாவை நாலு வாரத்தில் ஒருமுறையும் ஆறாவது வாரத்தில் ஒருமுறையும் எண்ணுங்கள். பிஸ்மத்-214-இன் அளவு பிழை வரம்புக்குள் ஒன்றாகவே இருக்க வேண்டும். கூடவே 186 கோட்டின் ரேடியப் பங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிஸ்மத் எப்போதும் குறைவாகவே வந்தால் டப்பா கசிகிறது. தோரியம் வரிசையில் இந்தத் தொல்லை குறைவு, அதன் வாயுவான தோரானின் அரைவாழ்வு 55.6 நொடிதான், ஓடித் தப்ப நேரம் இல்லை.

8. டிடெக்டரைத் தயார் செய்து எண்ணுவது

கிடைத்தால் உயர்தூய்மை ஜெர்மானியம், இல்லையென்றால் சோடியம் அயோடைடு. முன்னதில் கோடுகள் ஊசி மாதிரி பிரிந்து தெரியும், பின்னதில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றாகக் குழம்பும். அதனால் சோடியம் அயோடைடில் நன்றாக விலகி நிற்கிற மூன்றை மட்டும் நம்புங்கள்: பொட்டாசியம்-40-க்கு 1461, ரேடியம் வரிசைக்கு பிஸ்மத்-214-இன் 1764, தோரியம் வரிசைக்கு தாலியம்-208-இன் 2614 கே.இ.வி. அப்போதும் 2614-இன் வால் கீழே விழுந்து மற்ற இரண்டிலும் சேரும், 1764-இன் வால் 1461-இல் சேரும். அதைக் கழிக்காமல் விட்டால் தோரியம் மிகுந்த கல்லில் பொட்டாசியமும் பொய்யாக மிகும்.

ஜெர்மானியத்தில் ஈயம்-214-க்கு 295, 352, பிஸ்மத்-214-க்கு 609, 1120, 1764, ஆக்டினியம்-228-க்கு 338, 911, 969, ஈயம்-212-க்கு 239, தாலியம்-208-க்கு 583, 2614. ஒரே வரிசையின் கோடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள், ஒன்று மட்டும் விலகினால் அந்த உச்சியைக் கையால் திறந்து பாருங்கள். தோரியம் மிக அதிகமுள்ள மாதிரியில் ஆக்டினியம்-228-இன் 1459 கோடு பொட்டாசியத்தின் 1461-ஓடு ஒட்டிக்கொள்ளும், அதையும் நினைவில் வையுங்கள்.

செயல்திறனை, அதாவது வரும் காமாவில் டிடெக்டர் எவ்வளவு பங்கைப் பிடிக்கிறது என்பதைக் கணிக்க சர்வதேச அணுசக்தி முகமையின் ஆர்ஜியூ-1, ஆர்ஜிடிஎச்-1, ஆர்ஜிகே-1 திட்டப் பொடிகளை உங்கள் மாதிரி இருக்கும் அதே வகை டப்பாவில், அதே உயரத்துக்கு நிரப்பிப் பயன்படுத்துங்கள். முறையே யுரேனியம் 4940, தோரியம் 3250, பொட்டாசியம் 14000 பெக்கரல்/கிலோ (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு). டிடெக்டருக்கு ஒட்டி வைக்கும்போது 609, 583 போன்ற கோடுகளில் இரண்டு காமா ஒரே நேரத்தில் விழுந்து எண்ணிக்கை குறைகிற கோளாறு உண்டு. ஒரே வடிவில் ஒப்பிட்டால் அது பெரும்பாலும் தானாகவே கழிந்துவிடும். சீசியம்-137 போன்ற புள்ளி மூலங்களை வைத்து வளைவு வரைந்துவிட்டு அதை டப்பாவுக்குப் பொருத்துவது இந்த வேலையில் செல்லாது.

பின்னணிக்குக் காலி டப்பாவை, மாதிரிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமாவது எண்ணுங்கள். ஈயக் கவசத்துக்குள்ளும் அறைக் காற்றின் ரேடான் நுழையும், ஏசி ஓடும் நாளுக்கும் ஜன்னல் மூடிய ஞாயிற்றுக்கிழமைக்கும் வித்தியாசம் தெரியும். ஆகவே பின்னணியை மாதிரிகளுக்கு நடுநடுவே மறுபடி எடுங்கள்.

9. கணக்கு

செறிவு = நிகர எண்ணிக்கை ÷ (நேரம் × செயல்திறன் × காமா நிகழ்தகவு × எடை). காமா நிகழ்தகவு என்பது ஒரு சிதைவுக்கு அந்தக் காமா வெளிவரும் வாய்ப்பு. 60,000 நொடியில் 609 கோட்டில் பின்னணி கழித்து 6600 வந்தது, செயல்திறன் 2 சதவீதம், நிகழ்தகவு 0.455, எடை 0.35 கிலோ என்றால் 34.5 பெக்கரல்/கிலோ. இதை யுரேனியம்-238 என்று எழுதாதீர்கள், ரேடியம்-226 என்று எழுதுங்கள். மேல்மண்ணில் இரண்டும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கண்டறியும் வரம்புக்குக் கீழே போன மாதிரிகளைச் சுழியம் என்று போட்டு சராசரி எடுக்காதீர்கள். வரம்பைக் கணக்கிட்டு, அதற்குக் கீழே என்று எழுதுங்கள்.

அடுத்து வழக்கமான குறியீடுகள். உதாரணத்துக்கு ரேடியம் 40, தோரியம் 90, பொட்டாசியம் 1000 என்று ஒரு கிரானைட்டை எடுத்துக்கொள்வோம்.

ரேடியம் சமான அளவு (மூன்றையும் ஒரே ரேடிய அளவாக மாற்றியது): 40 + 1.43 × 90 + 0.077 × 1000 = கிட்டத்தட்ட 246 பெக்கரல்/கிலோ. வரம்பு 370.

டோஸ் வீதம்: 0.462 × 40 + 0.604 × 90 + 0.0417 × 1000 = 114.5 நானோகிரே/மணி (கிரே என்பது உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு). உலக சராசரி 60-ஐ ஒட்டி.

இந்த இடத்தில் மீட்டரோடு சரிபாருங்கள். கடல் மட்டத்தில் விண்கதிர் ஏறத்தாழ 32 சேர்க்கும், மொத்தம் 147, அதாவது மீட்டர் 0.15 மைக்ரோசீவர்ட்/மணியை (சீவர்ட் என்பது உடலுக்கான டோஸ் அலகு) ஒட்டிக் காட்ட வேண்டும். சுவரடியில் எடுத்த அளவென்றால் இதைவிடக் கூடும், ஏனென்றால் வாய்பாடு எல்லையில்லாச் சமதரையை நினைத்து எழுதப்பட்டது. அதையும் மீறிப் பொருந்தவில்லை என்றால் மூடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகத் திரும்பிப் பாருங்கள்.

ஆண்டு டோஸ், பொதுமக்களுக்கு வெளிப்புறத்தில்: 114.5 × 8760 × 0.2 × 0.7 ÷ 10 லட்சம் = 0.14 மில்லிசீவர்ட். அந்த 0.2 என்பது ஒருவர் நாளில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே இருப்பார் என்ற அனுமானம், 0.7 கிரேயைச் சீவர்ட்டாக மாற்றுவது. குவாரித் தொழிலாளிக்கு அதை அப்படியே போடுவது சோம்பேறித்தனம். எட்டு மணி நேரம், 300 நாள் என்றால் 2400 மணி, டோஸ் 0.19 மில்லிசீவர்ட், சுவர் கணக்கைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம்.

கட்டுமானப் பொருள் என்றால் ஐரோப்பிய ஆணையக் குறியீடு: 40/300 + 90/200 + 1000/3000 = 0.92. கட்டடத்தின் பெரும்பகுதியாகப் பயன்படும் பொருளுக்கு 1 வரை, தரை ஓடு மாதிரி மேற்பூச்சுக்கு 6 வரை, ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற அளவுகோலுக்குள் வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் சமையல்மேடைக் கல்லுக்கு 1.3 வந்துவிட்டது, ஆபத்து என்று எழுதுகிறார்கள்.

வெளிப்புற ஆபத்துக் குறியீடு என்று இன்னொரு நிரல் எல்லாக் கட்டுரையிலும் வரும். அது ரேடியம் சமான அளவை 370-ஆல் வகுத்ததுதான், நம் உதாரணத்தில் 0.66. இரண்டையும் இரண்டு தனிச் சான்றாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, கட்டுரையை மதிப்பிடுகிறவர் கேட்பார் என்பதற்காக நிரலை வைத்துக்கொள்ளுங்கள்.

10. உடல்நலத்தைப் பற்றி என்ன சொல்லலாம்

முதல் தவறு, உலக சராசரியை வரம்பாக நினைப்பது. மண்ணுக்கு, கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவின் 2000-ஆம் ஆண்டு அறிக்கை தரும் சராசரி ரேடியம் 32, தோரியம் 45, பொட்டாசியம் 420 பெக்கரல்/கிலோ. 4 சதவீதம் பொட்டாசியமுள்ள எந்தக் கிரானைட்டும் 1250 காட்டும், அது கல்லின் இயல்பு. சராசரியைத் தாண்டியது என்பதற்கும் தீங்கு என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

இரண்டாவது, பொதுமக்களுக்கான 1 மில்லிசீவர்ட் வரம்போடு ஒப்பிடுவது. அது அணுமின் நிலையம் போன்ற செயல்பாடுகளால் கூடுதலாகச் சேரும் டோஸுக்கு வைத்த வரம்பு, காலடி மண்ணுக்கு வைத்ததல்ல. மனிதருக்கு இயற்கையிலிருந்து கிடைக்கும் உலக சராசரியே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதில் ஏறத்தாழ பாதி ரேடான். பொருளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா என்று பார்க்க சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கிற அளவு யுரேனியம், தோரியம் வரிசைகளுக்கு 1000, பொட்டாசியம்-40-க்கு 10,000 பெக்கரல்/கிலோ. சாதாரண ஜல்லி அதன் பக்கத்தில்கூடப் போகாது. பெக்மடைட் நரம்பின் ஒரு துண்டு போகலாம், அதனால்தான் அதைத் தனியாக எடுக்கச் சொன்னேன்.

மூன்றாவது, வாழ்நாள் புற்றுநோய் அபாயம் என்ற நிரல். 0.14 மில்லிசீவர்ட்டை 70 ஆண்டால் பெருக்கி, சீவர்ட்டுக்கு 0.05 என்று பெருக்கினால் பத்தாயிரத்துக்கு 5 வரும். அதைக் கிராம மக்கள்தொகையால் பெருக்கி இத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும் என்று எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். மிகச் சிறு டோஸைப் பெரிய கூட்டத்தால் பெருக்கி சாவைக் கணிக்கக் கூடாது என்று அந்தக் குணகத்தைத் தந்த சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில், மோனசைட் மணலால் பின்னணி பல மடங்கு கூடிய கடற்கரையில், பெருந்தொகை மக்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, தரைக் காமாவால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை.

சரி, அப்படியானால் குவாரியில் கவலைப்பட எதுவுமில்லையா? இருக்கிறது. காமாவைவிட மோசமானது தூசி. கல்லிலுள்ள குவார்ட்ஸ் பொடியாகி நுரையீரலுக்குள் இறங்கினால் சிலிக்கோசிஸ், அதற்கு மருந்து இல்லை. படிக சிலிக்கா, ரேடான் இரண்டையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. கிரஷர் பக்கம் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு உங்கள் நானோகிரேவைவிட, கல் விழுகிற இடத்தில் தண்ணீர் தெளிப்பானும் சரியான முகக்கவசமும் அவசரம். உங்கள் அறிக்கையில் கதிரியக்கம் சாதாரணம் என்ற வரிக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு வரியைக் காட்டி குவாரியே பாதுகாப்பானது என்று சொல்லிக்கொள்ள ஆள் இருக்கிறது.

ரேடான் திறந்த குழியில் காற்றோடு போய்விடும். கவலை மூடிய இடத்தில்: கல்லறுக்கும் கொட்டகையின் அடைத்த அறை, குவாரி ஓரமாகக் கல்லால் கட்டிய ஜன்னல் இல்லாத தங்கும் அறை. மண்ணின் ரேடியத்தை வைத்து வீட்டு ரேடானைக் கணிக்க முடியாது, காற்றோட்டமும் தரை விரிசலும்தான் அதைத் தீர்மானிக்கும். ரேடானின் ஆல்பா தடங்களைப் பதியும் எல்ஆர்-115 பிலிம் வைத்த டோசிமீட்டரை மூன்று மாதம் தொங்கவிட்டு நேரடியாக அளங்கள். உலக சுகாதார அமைப்பு சொல்கிற அளவு 100 பெக்கரல்/கன மீட்டர், அது முடியாத நாடுகளில்கூட 300-ஐத் தாண்டக் கூடாது.

11. முடிவைத் திருப்பிக் கொடுப்பது

அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு, மூடிய நாளுக்கும் எண்ணிய நாளுக்கும் இடைவெளி, பாறை வகை, ஆழம் இவை இருக்கட்டும். இவை இல்லாத அட்டவணையை இன்னொருவர் தன் அளவோடு ஒப்பிட முடியாது. சராசரியோடு குறைந்ததும் கூடியதும் போடுங்கள், கூடியது பெக்மடைட் என்றால் அதே வரியில் சொல்லிவிடுங்கள்.

குவாரிக்காரருக்கும் ஊராருக்கும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். எந்த இடத்தில் எடுத்தோம், என்ன வந்தது, பக்கத்து ஊர் நிலத்தோடு ஒப்பிட்டால் எப்படி, தூசிக்கு என்ன செய்ய வேண்டும், இவ்வளவு போதும். பெக்கரல் எண்ணை மட்டும் தனியாகக் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் அது வேறு கதையாகச் சுற்றும். மீதமிருக்கும் பொடியையும் உடைக்காத கல் துண்டையும் லேபிளோடு குறைந்தது முடிவு வெளியாகும் வரை எறியாமல் வையுங்கள், யாராவது சந்தேகம் கேட்டால் திரும்ப எண்ணிக் காட்ட அதுதான் இருக்கும்.